இரு நண்பர்களின் பேச்சும் மாத்தளையின் நினைவும்

மாலை வேளையில் மாத்தளை நகரின் பஸ் நிலையத்தருகே எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும், இரண்டு நண்பர்கள் எதிரெதிரே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் காணலாம். கோப்பையில் தேநீர் ஆறிப் போயிருக்கும். பேச்சு மாத்திரம் ஆறியிராது. கிரிக்கெட்டில் ஆரம்பித்து, மிளகின் விலைக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒரு மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாவி, இறுதியில் எங்கே தொடங்கினோம் என்பதையே இருவரும் மறந்துவிடுவார்கள். அடுத்த மேசையில் தனியே இருப்பவர் பத்திரிகை படிப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு, பக்கத்தைப் புரட்டாமல் அந்தப் பேச்சையே கேட்டுக்கொண்டிருப்பார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் திண்டாடுவதும் உண்டு.

அந்த அடுத்த மேசைக்காரருக்குக் கிடைக்கும் இன்பத்தை ஊருக்கெல்லாம் பொதுவாக்குகின்ற ஒரு சாதனம் இந்த நூற்றாண்டில் தோன்றியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதனைப் பொட்காஸ்ட் என்கிறார்கள். தமிழில் வலையொலி என்று சிலரும் ஒலியோடை என்று சிலரும் வழங்குகின்றனர். முன்னைய சொல்லே எமது நாவில் எளிதாகப் படிகிறபடியால் இங்கே அதனையே கையாளுவோம்.

வானொலிக்கும் வலையொலிக்கும் என்ன வேறுபாடு என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கக்கூடும். வானொலி நிகழ்ச்சிக்கு நாம் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும், தவறவிட்டால் தவறியதுதான். வலையொலியோ இணையத்தில் வைக்கப்பட்ட ஓர் ஒலிப்பதிவு. வேண்டிய போது கேட்கலாம், இடையில் நிறுத்தலாம், சமையல் முடிந்த பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு நிகழ்ச்சியை ஒரு முறை தெரிவு செய்து வைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வாசலுக்கு வருவதுபோல, அதன் புதிய பகுதி ஒவ்வொன்றும் நமது கைத்தொலைபேசியைத் தானே தேடி வந்து சேரும். இந்தத் தேடி வருதல்தான் இதன் சூட்சுமம். அமெரிக்கரான டேவ் வைனர் என்பவர் செய்தி ஓடைகளோடு ஒலிப்பதிவையும் இணைத்து அனுப்பும் வழியை வகுத்தார். தொலைக்காட்சியில் பாடல் நிகழ்ச்சிகளை அறிமுகம் செய்துவந்த அடம் கரி என்பவர் 2004ஆம் ஆண்டில் அதனைப் பயன்படுத்தி நாள்தோறும் பேசத் தொடங்கினார். பொட்காஸ்ட் என்ற பெயரோ அதே ஆண்டு பெப்ரவரி மாதம் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் லண்டன் கார்டியன் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையில், பொருத்தமான சொல் கிடைக்காமல் போகிற போக்கில் உதிர்த்துவிட்டுப் போனது. மறு ஆண்டு ஓர் அமெரிக்க அகராதி அதனையே ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தது. சொற்களுக்கும் ஜாதகம் உண்டு போலும்!

இவையெல்லாம் மேல்நாட்டார் விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எமது நாட்டில் வானொலி பிறந்த கதையும் பொழுதுபோக்காளரின் கதைதான். தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர், இங்கிருந்த ஆர்வலர்களைக் கூட்டி ஒரு கம்பியில்லாத் தந்திக் கழகத்தை அமைத்து, கைக்குக் கிடைத்த உறுப்புக்களைப் பொருத்திப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். அந்த ஆர்வத்தின் பயனாகவே 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பிற்காலத்தில் இந்தியாவெங்கும் செவிசாய்த்த இலங்கை வானொலிக்கு வித்து அதுவே.

இரண்டு நண்பர்கள் பொழுதுபோக்காக ஆரம்பித்த வலையொலிக்கு அயல்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அபிஷேக் குமார், ஆதித்யா மாத்ரே என்னும் இரு நண்பர்கள் 2005ஆம் ஆண்டில் இண்டிகாஸ்ட் என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். இந்தியர் நடத்திய வலையொலிகளுள் மிகவும் முற்பட்டவற்றுள் ஒன்று அது. இருவரும் சேர்ந்து இந்திய நாட்டு நடப்புக்களைப் பேசினார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் பெரும்பாலானோருக்கு வலையொலி என்ற பேரே தெரியாதிருந்த காலத்தில், யார் கேட்பார்கள் என்ற உறுதி எதுவுமின்றிப் பேச ஆரம்பித்துப் பல்லாண்டுகள் அதனைத் தொடர்ந்தார்கள். இந்த விஷயத்தில் எம்மைக் கவர்வது அவர்கள் முதலில் தொடங்கினார்கள் என்பதன்று. விடாமல் தொடர்ந்தார்கள் என்பதே.

மாத்தளையில் பேச என்ன இருக்கிறது?

மாத்தளை மாவட்டத்தில் இன்று இரு இளைஞர்கள் அல்லது இரு யுவதிகள் இத்தகைய நிகழ்ச்சியொன்றைத் தொடங்க எண்ணினால், எதனைப் பேசுவது என்பதே முதற்கேள்வி. சினிமாவைப் பேசலாம், பலரும் பேசுகிறார்கள். கிரிக்கெட்டையும் பேசலாம், அதற்கும் ஆட்பஞ்சமில்லை. ஆனால் மாத்தளையில் பிறந்தவர்களைத் தவிர வேறு எவராலும் பேச முடியாத பொருள்கள் காலடியிலேயே கிடக்கின்றன என்பது எமது அபிப்பிராயம்.

முதலில் அலுவிகாரையை எடுத்துக்கொள்வோம். நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியோரமாகப் பெரும் பாறைகளுக்கிடையே இருக்கிறது அந்த விகாரை. புத்தர் பெருமானின் போதனைகள் பல நூற்றாண்டுகளாக ஏட்டில் எழுதப்படாமல், பிக்குமாரின் நினைவிலேயே வாழ்ந்து வந்தன. ஒரு பகுதியை ஒரு குழுவினர் மனனம் செய்வர். மறு பகுதியை வேறொரு குழுவினர். கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்துப் பஞ்சமும் யுத்தமும் வந்தன. மனனம் செய்தவர்கள் மாண்டால் மனனம் செய்யப்பட்டதும் மாண்டுவிடுமே என்ற அச்சம் எழுந்தது. அதன் பின்னரே அலுவிகாரையில் கூடி, திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்பது வரலாறு. 1848ஆம் ஆண்டில் மாத்தளையில் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டபோது, அங்கிருந்த ஏட்டுச் சுவடிகள் பலவும் அழிந்தன என்பது அதே வரலாற்றின் துயரமான பிற்சேர்க்கை. வாய்மொழியாய் இருந்ததை அழியாமற் காக்க மனிதர் பாடுபட்ட இடம், இதோ, பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது.

அங்கிருந்து வடக்கே சென்றால் சிகிரியா. அதுவும் மாத்தளை மாவட்டமே. சுற்றுலாப் பயணிகள் ஓவியங்களைப் பார்க்கப் படியேறுகிறார்கள். வழியிலுள்ள கண்ணாடிச் சுவரை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஓவியப் பெண்களைக் கண்டு வியந்தவர்கள் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையில் தமது மனத்தில் தோன்றியதை அந்தச் சுவரிலே கவிதைகளாகக் கீறி வைத்துவிட்டுப் போனார்கள். பிக்குமார் எழுதினார்கள், பெண்கள் எழுதினார்கள், அரச சேவகர்கள் எழுதினார்கள். புதைபொருளாராய்ச்சிப் பேரறிஞர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களை வாசித்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பெருங்காவியமொன்றையும் படைக்காத சாதாரண மனிதர்களின் சொற்களே அவை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டு மக்கள் எப்படி ரசித்தார்கள், எப்படிக் கேலி பேசினார்கள் என்பதை அறிய அந்தச் சுவரைப்போல வேறொரு சாட்சி இல்லை.

மாத்தளைத் தமிழருக்கு இத்தகைய ஏடும் சுவரும் எங்கே?

வடபாதையின் நினைவு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே பல நாட்கள் நடந்து மலைநாட்டை அடைந்தார்கள். அந்த வடபாதையில் காடு முடிந்து மலை தொடங்குகிற வாசலே மாத்தளை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர்கள் பலர். அவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. அந்நூற்றாண்டின் இறுதியோடு அப்பாதை கைவிடப்பட்டது. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, பலர் ஒன்றுகூடி ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து அதே வழியில் நடக்கத் தொடங்கி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தார்கள். அந்த நடையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, படங்களும் வெளிவந்தன.

ஆனால் முதன் முதலில் நடந்தவர்கள் சொன்னது என்னவாயிற்று? இங்கே சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்க வேண்டும். 1890களில் எட்டு வயதுச் சிறுமியாகத் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்து வந்த ஒருத்தி, 1945ஆம் ஆண்டளவில் அறுபது வயதைத் தாண்டிய பாட்டியாக லயத்து வாசலில் அமர்ந்திருப்பாள். அவளுடைய மடியில் தலைவைத்துக் கதை கேட்ட பேரப்பிள்ளைக்கு அப்போது பத்து வயது என்றால், இன்று தொண்ணூறு ஆகிறது. நடந்தவர் வாயால் நேரே கேட்ட காதுகள் இன்னும் ஒரு சிலவே எஞ்சியிருக்கின்றன. இன்னும் பத்து ஆண்டுகளில் அவையும் இரா. பிறகு நாம் துரைமார் எழுதிய அறிக்கைகளையும் அரசாங்கப் புள்ளிவிபரங்களையும் மாத்திரமே புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவற்றிலே ஆட்தொகை உண்டு, கூலித்தொகை உண்டு. அந்தச் சிறுமி வழியில் என்ன சாப்பிட்டாள் என்பது இல்லை.

நடைப்பயணம் மாத்திரமா? 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது என்றும் மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது என்றும் முடிவாயிற்று. இரு நாட்டுத் தலைவர்களும் தாளில் போட்ட கோடு எத்தனையோ குடும்பங்களின் நடுவே சென்றது. அண்ணன் போனான், தம்பி நின்றான். போனவர்களிற் பலர் நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிற் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. உக்குவளையில் ஒரு பேரனும் கோத்தகிரியில் ஒரு பேத்தியும் இன்று ஒருவரையொருவர் கைத்தொலைபேசியில் கண்டுபிடித்துப் பேசத் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பேசுவது வெறும் குடும்பக் கதையாயிருக்குமா? அதனைக் கேட்பதற்கு மலையகத்திலும் நீலகிரியிலும் எத்தனை வீடுகள் காத்திருக்கும்!

பேச்சு மொழியும் ஒரு செல்வமே. மாத்தளையிலே தோட்டத்துத் தமிழ் இருக்கிறது. முஸ்லிம் மக்களின் தமிழ் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்களாகவும் வர்த்தகர்களாகவும் வந்து தங்கியவர்களின் தமிழும் இருக்கிறது. மூன்றும் ஒரே சந்தையில் மோதிக்கொள்கின்றன. பெரட்டு, கங்காணி, துரை, கொழுந்து என்ற சொற்களை அகராதியில் ஏற்றிவிடலாம். அவற்றை ஒரு முதியவள் சொல்லும்போது எழுகின்ற ஏற்ற இறக்கத்தை எந்த அகராதியிலும் ஏற்ற முடியாது. அதற்கு ஒலிப்பதிவு ஒன்றே வழி.

இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி எமது மலைநாட்டிலேயே உண்டு. மகாவலித் திட்டத்தின் கீழ் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டுப் புதிய குடியேற்றங்களில் அமர்த்தப்பட்ட காலத்தில், அவர்களுக்கென ஒரு சமுதாய வானொலி உருவாக்கப்பட்டது. நிகழ்ச்சி தயாரிப்போர் கொழும்பில் இருந்துகொண்டு உபதேசம் செய்யாமல், கிராமங்களிலேயே சில நாட்கள் தங்கி, மக்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1989ஆம் ஆண்டில் கொத்மலையில் ஒரு நிலையம் ஏற்பட்டது. 1990களின் இறுதியில், இணையம் என்றால் என்னவென்று ஊரில் எவருமே அறியாத வேளையில், நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே கணினியில் விடை தேடி வாசித்துச் சொன்னார்கள். யுனெஸ்கோவின் ஆதரவோடு நடந்த அந்த முயற்சியைப் பற்றி வெளிநாட்டு அறிஞர்கள் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். எம்மவருள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

வேண்டிய பொருள்கள்

இனி, காரியத்துக்கு வருவோம். செலவைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. நண்பர் இருவரிடமும் ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருந்தால் போதும். விலையுயர்ந்த ஒலிவாங்கிகளை வாங்கிய பின்னரே தொடங்குவோம் என்று நாள் கடத்துவோர், பெரும்பாலும் தொடங்குவதே இல்லை.

ஒலி நன்றாயிருப்பது கருவியைவிட அறையைப் பொறுத்தது. வெறும் சுவர்களுள்ள அறையில் பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும். ஜன்னல் திரைகளும் மெத்தையும் துணிகள் நிறைந்த அலுமாரியும் உள்ள படுக்கையறையே சாலச் சிறந்தது. சுவரில் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேரே வைத்தால் பகர எழுத்து ஒவ்வொன்றும் வெடிபோலக் கேட்கும். மலைநாட்டு வாசிகளுக்குப் பிரதான எதிரி மழை. லயத்துத் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் மனிதக் குரல் எடுபடாது. அதிகாலையோ, மழை ஓய்ந்த இரவோதான் உகந்த நேரம். ஆயினும் முதியவர் ஒருவர் மழைக்காலத்துக் கொழுந்தெடுப்பைப் பற்றிப் பேசும்போது தூரத்தில் மழை கேட்டால் அதனை வெட்டி எறிந்துவிடாதீர்கள் என்றும் சொல்வோம். சேவல் கூவுவதும் அப்படியே.

இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் ஓர் எளிய உபாயம் உண்டு. தொலைபேசி வழியே வரும் குரலைப் பதிவு செய்யாமல், அவரவர் குரலை அவரவர் இடத்திலேயே தனித்தனியாகப் பதிவு செய்துகொள்வது. பேசத் தொடங்குமுன் ஒருவர் மூன்று வரை எண்ண, இருவரும் ஒரே வேளையில் ஒருமுறை கை தட்ட வேண்டும். பின்னர் இரண்டு பதிவுகளிலும் அந்தக் கைதட்டலைக் கண்டுபிடித்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்திவிட்டால், ஒரே மேசையில் அமர்ந்து பேசியதுபோல ஆகிவிடும். தொகுப்பதற்கு ஓடாசிற்றி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது அது.

கேட்போரின் பணப்பையையும் எண்ண வேண்டும் அல்லவா? பேச்சு நிகழ்ச்சிக்குச் செக்கனுக்கு 64 கிலோபிட் தரத்தில், ஒற்றைத் தடத்தில் பதிவை அமைத்தால் போதுமானது. அவ்வாறு செய்தால் ஒரு நிமிடப் பேச்சு அரை மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அரை மணி நேர நிகழ்ச்சி ஏறக்குறைய 14 மெகாபைட். டேட்டா அட்டையை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டிலும் இது பாரமாகாது. தொடக்கத்தில் இரண்டு நிமிடம் முழங்கும் சங்கீதம் வேண்டவே வேண்டாம். கேட்பவர் காத்திருப்பது பேச்சுக்காகவே அன்றி மேளத்துக்காக அல்ல.

நட்புக்கு வரும் சோதனை

கருவிகள் எளிது, மனிதர்களே கடினம். ஆரவாரத்தோடு தொடங்கிய வலையொலிகள் பத்துப் பகுதிகளை எட்டுமுன்பே சத்தமின்றி மறைந்துபோவது உலகெங்கும் வழக்கமாயிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கென்றே பொட்ஃபேட் என ஒரு சொல்லையும் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். காரணங்களைத் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. வாரந்தோறும் வெளியிடுவோம் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பேச ஒரு மணி நேரம். தொகுக்க நான்கு மணி நேரம். பேச்சில் இருவரும் பங்குகொள்கிறார்கள். தொகுக்கும் வேலை ஒருவர் தலையிலேயே விழுகிறது. இரண்டு மாதத்தில் அவர் முகம் சிறுத்துப் போகிறது. ஆகவே மாதத்துக்கு ஒரு பகுதி, ஒருவர் மாறி ஒருவர் தொகுப்பது என்ற நியமத்தோடு தொடங்குவதே புத்திசாலித்தனம். பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் கூசாமல் விடுமுறை அறிவித்துவிடலாம்.

பணம் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தோடு இதில் இறங்குவதை நாம் ஊக்குவிக்க மாட்டோம். உலகில் சிலர் சம்பாதிக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் இருபது பேர் கேட்கிற நிகழ்ச்சியில் விளம்பரத்தை எதிர்பார்ப்பவர்கள், அந்த இருபது பேரையும் மதிக்கத் தவறிவிடுவார்கள். இருபது பேர் என்பது சிறிய தொகையா? வீட்டுக் கூடத்தில் இருபது பேரை உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள்.

இரு நண்பர்கள் பேசும்போது நேரக்கூடிய பெரும் பிழை வேறொன்று. "மச்சான், அன்றைக்கு அவன் செய்த வேலை ஞாபகமிருக்குதா?" என்று ஒருவர் கேட்பார். "ஐயோ, அதை ஏன் மச்சான் கேக்கிற!" என்று மற்றவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு நிமிடம் சிரிப்பொலி. கேட்பவருக்கோ யார் அவன், என்ன வேலை, எதுவும் தெரியாது. கதவுக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்ட விருந்தாளியின் நிலை அவருக்கு. பேசுவோர் இருவரேயானாலும் மூன்றாமவர் ஒருவர் மேசையில் அமர்ந்திருக்கிறார் என்ற நினைவு எப்போதும் வேண்டும். இருவருள் ஒருவராவது தெரியாதவராக இருந்து, கேட்பவர் சார்பில் கேள்வி கேட்கவேண்டும். தெரிந்தும் தெரியாததுபோல நடிப்பதைச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாத பொருளைத் தெரிவு செய்வது நல்லது. தோட்டத்தில் வளர்ந்தவர் முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேர்களைப் பற்றிச் சொல்ல, முஸ்லிம் தோழர் கேட்கட்டும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் பக்குவத்தை அவர் சொல்ல, இவர் கேட்கட்டும்.

இதற்குச் சிறந்த உதாரணம் ஒரு சிறைச்சாலையிலிருந்து கிடைக்கிறது. கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் தண்டனை அனுபவித்து வந்த ஏர்லோன் வூட்ஸ் என்பவரும், அங்கே தொண்டராகச் சென்றுவந்த நைஜல் புவர் என்ற காட்சிக் கலைஞரான பெண்மணியும் சேர்ந்து 2017ஆம் ஆண்டில் இயர் ஹசில் என்றொரு வலையொலியைத் தொடங்கினார்கள். ஒட்டுக்கேட்டல் என்பது அப்பெயரின் பொருள். நாம் மேலே கண்ட தேநீர்க் கடைக்காரரின் அதே கலை! அவர் உள்ளே வாழ்பவர். இவர் வெளியேயிருந்து வருபவர். இவருக்குத் தெரியாததை இவர் கேட்டார், அவர் சொன்னார். கொலை, கொள்ளை என்ற பரபரப்பில் அவர்கள் தொடங்கவில்லை. ஒரு சிறிய அறையில் இரண்டு பேர் சேர்ந்து எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பதே முதற்பகுதியின் பொருள். உலகெங்கும் மக்கள் அதனைக் கேட்டார்கள். 2018 நவம்பரில் கலிபோர்னியா ஆளுநர் வூட்ஸின் தண்டனையைக் குறைத்தார். விடுதலையான பின்னரும் அவர் நைஜல் புவருடன் அந்நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழப் பழகிய லயத்து வாழ்க்கையைப் பற்றி எமது இளைஞர்கள் இதே எளிமையோடு கேள்வி எழுப்பினால் என்னென்ன வெளிவரும் என்று எண்ணிப் பார்க்கிறோம். அடுப்பு எந்த மூலையில் இருந்தது? புதுமணத் தம்பதிக்கு எங்கே இடம்? பிள்ளைகள் எந்த விளக்கில் படித்தார்கள்?

முதியவர்களைப் பேசவைப்பதில் சில மரியாதைகள் உண்டு. பதிவு செய்கிறோம், பலரும் கேட்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறவேண்டும். தொலைபேசியை மேசைக்குக் கீழே மறைத்து வைத்துப் பதிவு செய்வது திருட்டேயன்றி வேறில்லை. பேச்சு வேகத்தில் குடும்பச் சண்டையோ அயலவர் மானமோ வந்துவிட்டால், பதிவை அவருக்கே போட்டுக் காட்டி, வேண்டாமென்பதை நீக்கிவிட வேண்டும். 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களைப் பற்றிக் கேட்பதென்றால் மிகுந்த நிதானம் வேண்டும். மாத்தளைக் கோயிலே 1983ஆம் ஆண்டில் தீக்கிரையானது. சிலர் அதனைச் சொல்ல விரும்புவார்கள். சிலர் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். எழுந்து போனவரைப் பின்தொடர்ந்து செல்லக் கூடாது.

பதிவுகளை ஒரே தொலைபேசியில் விட்டுவைப்பதும் ஆபத்து. அது நீரில் விழலாம், களவு போகலாம். முழுப்பதிவின் பிரதியொன்று நண்பரிடம், இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், மற்றொன்று இணையத்தில் என மூன்று இடங்களிலாவது இருக்கவேண்டும். யார், எந்தத் தோட்டம், எந்தத் திகதி என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயாற் சொல்லிவைப்பது நல்லது. தாள் தொலைந்தாலும் குரல் அதனைச் சொல்லும்.

எதிலிருந்து தொடங்குவது என்று தயங்குகிறவர்கள் வருகிற விடுமுறையில் வீட்டிலுள்ள மிக முதியவருக்கு முன்னால் இருவருமாக உட்கார்ந்து, இதனைக் கேட்டுப் பார்க்கலாம்: "அப்பாயி, உங்க அப்பாயி எந்த ஊர்ல இருந்து நடந்து வந்தாங்கன்னு சொல்லியிருக்காங்களா?" மறுமொழி வரச் சற்று நேரமாகும். அதுவரையில் ஒருவரும் குறுக்கே பேசாமல், பதிவையும் நிறுத்தாமல் இருக்க வேண்டும்.